அழுத்தாத பொத்தான்

ஏழாம் அத்தியாயம்

அன்று மதியம் பாண்டோலன் தீவில் அடித்த வெயிலில் துணைமின் நிலையத்து வேலியோரம் மேய்ந்த கோழி அவித்த முட்டை போட்டது. நான் பார்க்கவில்லை. ஆனால் போட்டிருக்கும்.

உள்ளே, கட்டுப்பாட்டு அறையில், ஆபரேட்டர் அர்செலிக்கு மட்டும் ஒரு சொட்டுகூட வியர்க்கவில்லை. பயத்தில் உறைந்தவர்களுக்கு வியர்ப்பதில்லை. ஐந்து மணிக்கு மின் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர் குழு கூடுகிறது. கூடியதும் அவளை வேலையிலிருந்து நீக்கும். நீக்கியதும் போலீசுக்குச் சொல்லும். ஊர் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தினாள் என்றால் எங்கள் நாட்டில் கம்பி எண்ண வேண்டியதுதான். புருஷன் எங்கோ கப்பலில். வீட்டில் ஒன்பது வயது மகள்.

நடந்தது இவ்வளவுதான். பண்டிகைக் காலத்தில் நான்கு தடவை ஊர் இருண்டது. ஒரு தடவை மாதா பவனி நடுவீதியில் நிற்கும்போதே இருண்டு, பாண்டு வாத்தியக்காரன் ஒருவன் டிரம்போடு சாக்கடையில் இறங்கிவிட்டான். நான்கு தடவையும் பணியில் இருந்தவள் அர்செலி. மாலை ஷிப்ட் மூன்று ஆபரேட்டர்களுக்கும் மாறி மாறித்தான் வரும். மற்ற இருவர் முறையில் ஒரு பல்புகூட மினுங்கவில்லை.

போதாததற்கு ரிலே வேறு சாட்சி சொல்லியிருந்தது.

ரிலே என்றால் மின்பாதைக்குக் காவல்காரன். கம்பி அறுந்தாலும் மரம் சாய்ந்தாலும், நாம் 'ஐயோ' என்பதற்குள் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். இந்தக் காலத்து ரிலேக்குள் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. இது நடந்தால் அதைச் செய் என்று லாஜிக் எழுதி உள்ளே போட்டால் அப்படியே செய்யும். செய்ததை நினைவிலும் வைத்துக்கொள்ளும். நான்கு தடவையும் அதன் நினைவில் இருந்தது ஒரே வாசகம்: பிரேக்கர் திறந்தது கைக்கட்டளையால். அதாவது, பேனலில் இருக்கும் சிவப்புப் பொத்தானை யாரோ அழுத்தினார்கள். அந்த நேரத்தில் அறையில் இருந்ததோ அர்செலியும் ஒரு பல்லியும்.

"பல்லியை விசாரிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"பொன்ஸோ, வாயை மூடு" என்றார் மானாங் ரெமி.

மானாங் என்றால் எங்கள் பக்கம் அக்கா. ரெமிஹியா சோப்ரேவேகா, வயது எழுபது. காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த ஆலைகளைத் துருவியே காலத்தைக் கழித்தவர். அவர் முறைத்தால் சாம்பல் எழுந்து நின்று, தீக்குச்சி கிழித்தவன் பெயரையும் அவன் மாமனார் பெயரையும் சொல்லும். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வருகிறார்கள். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், பை தூக்கி, திட்டு வாங்கி. அதற்கு முன் ஊர் ஊராகப் போய் ரிலேக்களைச் சோதித்துத் தலை நரைத்தவன்.

எங்களை வரவழைத்தது இன்ஜினியர் காஸ்டோர். இந்த நிலையத்தின் தொழில்நுட்பத் தலைவர், அர்செலி மகளுக்கு ஞானத்தகப்பன், என் ஆருயிர் நண்பன். இளவயதில் இலோயிலோ நகரத்தில் ஒரே அறையில் தங்கி, ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டு இண்டர்வியூவுக்குப் போனவர்கள் நாங்கள். அவன் கால் ஒரு அளவு பெரிது. எனக்கு வேலை கிடைத்த அன்று காகிதம் திணித்த ஷூவோடு ஓடிவந்து அவனைத்தான் முதலில் கட்டிக்கொண்டேன்.

வெளியாள் விசாரணை வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்ததும் அவன் போனில் அழாத குறை. "பொன்ஸோ, என் கும்மாரேவைக் காப்பாத்துடா. உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றான். பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆகிவிட்டால் பெற்றவளும் அவனும் கும்மாரே, கும்பாரே. அது எங்களுக்கு ரத்த உறவுக்கு அரை அங்குலம் மேலே.

காலையில் வந்து இறங்கியதும் ரிலேயின் லாஜிக்கை அச்செடுத்துக் கையில் கொடுத்தான். குழுத் தலைவர் முன்னாலேயே படித்தேன். எந்தக் கோளாறுக்கு எப்போது திறக்க வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தது. "சுத்தம்! பளிங்கு மாதிரி சுத்தம்!" என்று சான்றிதழ் கொடுத்தேன். தலைவர் முகம் இறுகியது. அப்போதுதான் உறைத்தது. லாஜிக் சுத்தமென்றால் அழுக்கு அர்செலியின் விரலில்தான். காப்பாற்ற வந்தவன் கயிற்றைத் திரித்துக் கொடுத்திருந்தேன்.

"மானாங், நான் சத்தியமா அதைத் தொடல" என்றாள் அர்செலி. அதோடு ஒன்பதாவது தடவை.

"தொடலன்னு தெரியும்மா. நிரூபிக்கணுமே" என்ற மானாங் ரெமி என் பக்கம் திரும்பினார். "பொன்ஸோ, பொத்தானை அழுத்துனாங்கன்னு ரிலே சொல்லுது. எவ்ளோ நேரம் அழுத்துனாங்கன்னு சொல்லுமா?"

"சொல்லுமே. கட்டளை வந்த நேரம், விட்ட நேரம் ரெண்டும் இருக்கும்."

"பக்கத்துல சும்மா நிக்கிற பேனல் எது?"

"அது உதிரி. அதே ரிலே, அதே பொத்தான். அழுத்துனா ஊர்ல ஒரு ஈக்குக்கூட இருட்டாகாது."

"அப்போ ஆளுக்கு ஒரு தடவை அழுத்துங்க. எவ்ளோ சுருக்க முடியுமோ அவ்ளோ சுருக்க."

போட்டி என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கும். விரலுக்குச் சொடக்கு எடுத்து, மூச்சை இழுத்து, மின்னலே வெட்கப்பட்டு மேகத்துக்குள் ஒளியும் வேகத்தில் அழுத்தி எடுத்தேன். அடுத்து அர்செலி. பிறகு மானாங், பென்சில் முனையால் குத்தினார். பேனலுக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பகல் ஷிப்ட் டாமாசோவை எழுப்பினோம். பாதித் தூக்கத்தில் அழுத்திவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

ரிலேயின் திரையில் கணக்கு வந்தது. மின்னலை வெட்கப்பட வைத்த என் விரல் பொத்தான் மேல் உட்கார்ந்து, காபி குடித்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் எழுந்திருந்தது. பென்சில் முனைகூட அப்படித்தான்.

"இப்போ ஊர் இருண்ட அந்த நாலு தடவையும் பாரு."

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"மானாங்... இது விரல் இல்ல. ரிலே தன் வேலையை ஒரு தரம் சுத்தி வர்ற நேரம் இருக்கு பாருங்க, அவ்ளோதான் கட்டளை இருந்திருக்கு. கொசு உக்காந்தாகூட இதைவிட அதிக நேரம் ஆகும். அதுவும் நாலு தடவையும் மயிரிழை மாறாம ஒரே அளவு."

"மனுஷன் நாலு தடவை ஒரே மாதிரி தும்மக்கூட மாட்டான். அப்போ அழுத்துனது யாரு?"

"யாரும் அழுத்தல. ரிலேயே தனக்குத் தானே கட்டளை குடுத்துக்கிட்டு, பழியை பொத்தான் மேல போட்டிருக்கு."

"ரிலேக்குப் பழி போடத் தெரியுமா?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது மானாங். யாராவது சொல்லிக் குடுத்தா..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. மானாங் ரெமி அதைக் கையிலெடுத்துக்கொண்டார்.

"காலையில படிச்சு 'பளிங்கு'ன்னியே, அதுல மொத்த லாஜிக்கும் இருந்துச்சா?"

"கோளாறு வந்தா திறக்கிற பகுதி இருந்துச்சு."

"கையால திறக்கச் சொல்ற பகுதி?"

"அதை யாரும் பாக்க மாட்டாங்க. பொத்தானை அழுத்துனா திற, அவ்ளோதான் அதுல இருக்கும். ஒரே வரி. அதைப் போய் யாரு..."

"அதைத்தான் பாரேன்."

இங்கே என் குடும்ப ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற மற்ற ஆண்கள் சண்டைச் சேவல் வளர்க்கிறார்கள். நான் பழைய இரும்புக் கடையில் இந்த ரக ரிலே ஒன்றை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து வளர்த்தேன். ராத்திரியெல்லாம் லாஜிக் எழுதி அதோடு மல்லுக்கட்டினேன். "இந்தக் கம்பிச் சனியனுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?" என்று என் மனைவி கேட்காத நாளில்லை. காஸ்டோருக்கு இது தெரியாது. அவன் கணக்கில் நான் அலுமினியத் தட்டு சுழலும் பழைய ரிலே காலத்து ஆள். அதனால்தான் காலையில் லேப்டாப்பை எடுக்கப் போனபோது, "எதுக்குடா கண்ணைக் கெடுத்துக்கிறே, இந்தா அச்சு" என்று தாளை நீட்டினான். அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

லேப்டாப்பை ரிலேயோடு இணைத்தேன். படிக்க யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாற்றுவதற்குத்தான் கடவுச்சொல் வேண்டும். அது நிலையத்தில் ஒருவனிடம்தான் உண்டு.

கையால் திறக்கும் பகுதி வந்தது. ஒரே வரி இல்லை.

"படி" என்றார் மானாங்.

"பொத்தானை அழுத்தினால் திற. *அல்லது*..."

"அல்லது?"

"ஆறாம் உள்ளீட்டில் மின்சாரம் வந்திருந்து, *மேலும்* ஊர் இழுக்கும் மின்னோட்டம் உச்சத்தைத் தாண்டி, அந்த இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து நீடித்தால், ஒரே ஒரு சுற்றுக்குத் திற."

"மனுஷ பாஷையில சொல்லு" என்று அவர் சொல்லவில்லை. கண்ணால் கேட்டார்.

"மானாங், என் பொண்டாட்டி வெளிய போயிருக்கணும், *மேலும்* அடுப்படியில கேக் இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் திருடுவேன். ஒண்ணு மட்டும் இருந்தா நான் உத்தமன். இதுவும் அப்படித்தான். ஊர்ல மின்சாரம் உச்சத்துக்குப் போறது பண்டிகை ராத்திரியில மட்டும். அது ஒரு நிபந்தனை. இன்னொண்ணு இந்த ஆறாம் உள்ளீடு. வெளியிலேர்ந்து ரிலேக்குள்ள வர்ற ஒரு கம்பி. படத்துல 'உதிரி, இணைப்பு இல்லை'ன்னு போட்டிருக்கு."

"அதுல மின்சாரம் வந்தாத்தான் பொறி தயாராகும். இப்போ வருதா?"

ரிலேயின் சின்னத் திரையைப் பார்த்தேன். ஆறுக்கு எதிரே பூஜ்யம். "இல்ல."

"அப்போ அர்செலி ஷிப்ட்ல மட்டும் வருது." மானாங் ரெமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அர்செலி, மத்த ரெண்டு பேரும் செய்யாத எதை நீ இங்க செய்றே?"

அர்செலி யோசித்தாள். "டாமாசோ தூங்குவான்."

"அது தெரியுது, கேக்குது."

"பிட்டோய் போன்ல விளையாடுவான். நான்... தரையைத் துடைப்பேன். எல்லா மீட்டரையும் பாப்பேன். வேற ஒண்ணும் இல்லயே மானாங்."

"வாயால சொல்லாதே. வெளிய போய், ஷிப்டுக்கு வர்ற மாதிரி உள்ள வா. தினம் செய்றதை அப்படியே செய். பொன்ஸோ, நீ அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுத்தே, காதைத் திருகிடுவேன்."

அர்செலி வெளியே போனாள். திரும்பி வரும்போது பின்னாலேயே காஸ்டோரும் வந்தான். கையில் வாழையிலை மூடிய தட்டு, ஆவி பறக்கும் புத்தோ, அரிசி மாவில் அவித்த பணியாரம். எங்கள் ஊரில் தூக்கில் போடுவதாக இருந்தாலும் நாலு மணிச் சிற்றுண்டி கொடுத்துவிட்டுத்தான் போடுவார்கள்.

"என்னடா, முகமெல்லாம் இஞ்சி தின்ன மாதிரி? ஏதாவது கெடச்சுதா?" என்றான்.

"ஒண்ணும் இல்லடா. கும்மாரே நாடகம் போடுறாங்க, உக்காந்து பாரு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு நாற்பது வருஷப் பழக்கம். அதில் ஒரு பல் குறைந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். எல்லாப் பல்லும் இருந்தன.

அர்செலி பையை ஆணியில் மாட்டினாள். திரையில் ஆறுக்கு எதிரே பூஜ்யம். மின்விசிறியைப் போட்டாள். பூஜ்யம். தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள், மீட்டர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள், துடைப்பத்தைத் தொட்டு வைத்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது, இமைக்காததால்.

கடைசியாகப் பேனல் வரிசையின் கோடிக்குப் போனாள். அங்கே பேனல் தலைமேல், சிவப்பு வெல்வெட் அங்கியோடு, ஒரு சாண் உயரத்தில் குழந்தை இயேசு சுரூபம். எங்கள் நாட்டில் பேருந்திலும் முடிதிருத்தும் கடையிலும் இருப்பவர் துணைமின் நிலையத்தில் மட்டும் இல்லாமல் போவாரா? காலடியில் மெழுகுவர்த்தி வடிவில் சின்ன மின்விளக்கு, பக்கத்தில் சுவிட்ச். அர்செலி சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"கும்மாரே, அதை விடு. பட்டப்பகல்ல எதுக்கு விளக்கு?" என்றான் காஸ்டோர்.

ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னான். புத்தோவின் மேல் தேங்காய்ப்பூ தூவிக்கொண்டே.

மானாங் ரெமி தலையைத் திருப்பவில்லை. "அவ துடைப்பத்தைத் தொட்டா, பேசாம இருந்தீங்க. கோப்பையைக் கழுவுனா, பேசாம இருந்தீங்க. சாமி விளக்குக்கு மட்டும் என்ன இன்ஜினியர்?"

"பேட்டரி வீணாகுமேன்னு..."

"பேட்டரியா? இந்த விளக்கு நிலையத்துப் பேட்டரியிலயா எரியுது?"

அர்செலிதான் பெருமையோடு பதில் சொன்னாள். "ஆமாம் மானாங். ஊரே இருண்டாலும் சாமி விளக்கு அணையக் கூடாதுன்னு கும்பாரேதான் பேட்டரியில இணைச்சுக் குடுத்தாரு. என் பொண்ணு பியா முதல் நற்கருணை வாங்கின அன்னிக்கு அவரு குடுத்த பரிசு. பிட்டோய் பொம்மையைக் கும்பிடாத சபைக்காரன், தொட மாட்டான். டாமாசோ எந்தச் சாமியையும் எழுப்ப மாட்டான். நான்தான் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது போட்டு, போகும்போது..."

பேசிக்கொண்டே சுவிட்சைத் தட்டினாள்.

ஆறுக்கு எதிரே ஒன்று.

நான் வாயைத் திறந்தேன். பரிகாசம் ஒன்றும் வரவில்லை. என் வாழ்நாளில் இரண்டாவது தடவை. முதல் தடவை என் கல்யாணத்தில்.

"அணைம்மா" என்றார் மானாங் ரெமி. அணைத்தாள். பூஜ்யம். "போடு." ஒன்று. "அணை." பூஜ்யம்.

அர்செலிக்குத் திரை தெரியவில்லை. எங்கள் முகம்தான் தெரிந்தது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் காஸ்டோர் முகத்தில் வந்து நின்றாள். அவன் தட்டைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

நான் பேனலின் பின்கதவைத் திறந்தேன். விளக்குச் சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகள் வர வேண்டும். மூன்று வந்தன. மூன்றாவது, பழைய கம்பிக் கட்டுக்குள் நல்ல பிள்ளையாகப் புகுந்து, நூல் போட்டுக் கட்டப்பட்டு, ஆறாம் உள்ளீட்டில் போய் முடிந்தது. அந்தக் கட்டு எனக்குத் தெரியும். ஆறு விரலுக்கு ஒரு முடிச்சு, முடிச்சின் வால் எப்போதும் சுவர்ப்பக்கம். இலோயிலோவில் எங்கள் அறைக் கொசுவலையையும் அவன் அப்படித்தான் கட்டுவான்.

"காஸ்டோர்" என்றேன். "என்னடா இது?"

"பொன்ஸோ, நீ நினைக்கிற மாதிரி..."

"நான் ஒண்ணும் நினைக்கலடா. காலையிலேர்ந்து நீ சொன்னதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

வாசலில் செருப்புச் சத்தம். அர்செலியை அழைத்துப் போகக் குழுத் தலைவர் வந்திருந்தார். பருமனான, சத்தமான மனிதர். ஐஸ் ஆலை முதலாளி. மதியம்வரை நான் சந்தேகப்பட்டது அவரைத்தான். மீசை அப்படி. மானாங் உதட்டில் விரல் வைத்ததும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்ஜினியர், ரிலேயை மாத்துற கடவுச்சொல் உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு?" என்று கேட்டார் மானாங் ரெமி.

காஸ்டோர் ஒருவழியாகத் தட்டை மேசையில் வைத்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா இருந்தா நிறுத்துங்க. இந்த நிலையத்தைத் தனியார் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும்னு ஊர்ல பேச்சு இருக்கு. கூட்டுறவுக்குக் கையாலாகலன்னு ஜனங்க நம்பணும். அதுக்கு ஊர் இருளணும். அதுவும் பண்டிகை நாள்ல, எல்லாரும் தெருவுல இருக்கும்போது. கம்பெனி வந்தா அங்க உங்களுக்கு நாற்காலி."

காஸ்டோர் நிறுத்தவில்லை. தட்டிலிருந்த வாழையிலையைச் சரி செய்தான். செய்த பிறகும் செய்துகொண்டே இருந்தான்.

"அப்போ என்னை எதுக்குடா கூப்பிட்டே?" என் குரல் உயர்ந்துவிட்டது. "கண்டுபிடிக்க ஆள் வேண்டாம்னா கூப்பிடாம இருந்திருக்கலாமே!"

முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். "வெளியாள் வேணும்னு தலைவர் ஒத்தக் கால்ல நின்னாரு. யாரையாவது கூப்பிட்டே ஆகணும். நீ தட்டு சுத்துற ரிலே காலத்து ஆளு. நான் குடுக்குற தாளைப் படிப்பே. தலையாட்டுவே. உன் வார்த்தைக்கு மதிப்பு இருக்கு."

எனக்கு இருபது பதில் தோன்றின. இருபதும் பிரமாதமானவை. ஒன்றையும் சொல்லவில்லை. பளிங்கு என்று சொன்ன அதே வாய்தானே.

தலைவர் கர்ஜிக்கத் தொடங்கினார். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி ஜன்னல்கள் மட்டுமல்ல, பக்கத்துத் தீவின் ஜன்னல்களும் அதிர்ந்தன. டாமாசோவே எழுந்து உட்கார்ந்து, "நான் தூங்கல!" என்று அறிவித்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவே அர்செலி மெல்ல வந்து காஸ்டோர் முன்னால் நின்றாள்.

"கும்பாரே."

தலைவர் தானாக அடங்கிவிட்டார்.

"இங்க மூணு பேர் வேலை பாக்குறோம். கண்ணை மூடிக்கிட்டு யாரை வேணும்னாலும் மாட்டி விட்டிருக்கலாம். என்னை ஏன்? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அவன் பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னான். அதுதான் மோசம்.

"நீ ஒண்ணும் பண்ணல. லாஜிக்குக்கு ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. தினமும், தவறாம, ஒரே வேலையை ஒரே மாதிரி செய்ற ஆள். டாமாசோவை நம்ப முடியாது. பிட்டோயை நம்ப முடியாது. இந்த நிலையத்துல கண்ணை மூடிக்கிட்டு நம்பக்கூடிய ஆள் நீ ஒருத்திதான், கும்மாரே."

நான் சோதனை செய்த நல்ல ரிலேக்களுக்கெல்லாம் அந்தப் பாராட்டைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம்பகமானது. ஒரு மனுஷிக்கு அதைச் சொல்லி, அவள் முகம் அப்படி ஆனதை அன்றுதான் பார்த்தேன். அடித்திருந்தால்கூட அவள் அப்படி ஆகியிருக்க மாட்டாள்.

மானாங் ரெமி மூன்றாம் கம்பியையும் முடிச்சையும் திரையையும் போனில் படமெடுத்துக்கொண்டார். தலைவர் அனுமதியோடு நான் ஆறாம் உள்ளீட்டின் கம்பியைக் கழற்றி முனைக்கு டேப் சுற்றினேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். பருமனானவர்களுக்கு மன்னிப்புக் கேட்க வராது, மூச்சு வாங்கும். "அர்செலி... அது... குழு சார்பா... நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா. இன்னிக்கி உன் ஷிப்டை வேற யாராவது..."

"இன்னிக்கி நகர்வலம் இருக்கு தலைவரே. மின்சாரம் உச்சத்துக்குப் போகும். நானே பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்புப் பொத்தானுக்கு ஒரு முழம் தள்ளி. மீட்டர் முள் ஏற ஆரம்பித்திருந்தது. ஊரில் விளக்கு போடத் தொடங்கிவிட்டார்கள்.

காஸ்டோர் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான். தலைவரின் போன் போலீசைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, கெஞ்சலாக, "கும்மாரே, பியாகிட்ட மட்டும் சொல்லிடாதே. குழந்தை என்னை..." என்றான்.

அர்செலி மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், ஷிப்ட்ல இல்லாதவங்க இந்த ரூம்ல நிக்கக் கூடாது. வெளிய போங்க."

அவன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று.

நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.